பத்தொன்பதாம் தேதி தரை பார்க்க வர வேண்டியது

வால்யெவோ,
டிசம்பர் 12

சாச்சாக் நகரில் மரத்தரைத் தொழில் நடத்திவருபவரும், என் மனைவியின் தங்கை கணவருமாகிய திரு. வுகாஷின் பெல்யிச் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர் போரிவோயே மாந்திச் மரியாதையுடன் எழுதிக்கொள்ளும் முறையீடு. இங்கு நானும் தெசான்காவும் நலம். அங்கு தாங்களும் மிலெவாவும் நலம் என்பது தெரியும். தங்கள் முட்டி வலி இறங்கிவிட்டதும், போன செவ்வாய்க்கிழமை முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாயைத் தனி ஆளாக நகர்த்தி மிலெவாவிடம் திட்டு வாங்கியதும் தெரியும். இதையெல்லாம் நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அக்காவும் தங்கையும் தினமும் காலையில் தொலைபேசியில் பேசுகிறார்கள். தொலைபேசி நான் நாளிதழ் படிக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. நான் நாளிதழை மெதுவாகப் படிக்கிறவன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது அழைப்பு இல்லை. வரும் பத்தொன்பதாம் தேதி எங்கள் குடும்பத்தைக் காக்கும் புனித நிக்கோலாவின் நாள், அதாவது எங்கள் வீட்டு ஸ்லாவா. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வருகிறவர்கள் தாமாக வருவார்கள், வாசலில் நின்று வரவேற்பதுதான் வீட்டுக்காரன் வேலை. என் தகப்பனார் யாரையும் கூப்பிட்டதில்லை, அவர் தகப்பனாரும் கூப்பிட்டதில்லை, நான் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். தாங்கள் முப்பத்தொரு வருடமாகக் கூப்பிடாமலேதான் வந்தீர்கள். பனி கொட்டி ரயில் நின்றுபோன வருடம் பன்றி ஏற்றிய லாரியில் வந்தீர்கள், அன்று முழுக்கத் தங்கள் பக்கத்தில் உட்கார யாரும் முன்வராமல் நான்தான் உட்கார்ந்தேன். இந்த வருடம் தாங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று தெசான்கா ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று நானும் நான்கு தடவை சொல்கிறேன். ஐந்தாவது தடவை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். ஆகவே அந்தப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்க மாட்டேன். இது தரையைப் பற்றியது மட்டும்.

சலவை இயந்திரத்தின் குழாய் பிடுங்கிக்கொண்டு பழைய தரை ஊதிப்போன பிறகு, நவம்பர் பதினான்காம் தேதி முதல் மூன்று நாள் எங்கள் கூடத்தில் தாங்கள் ஓக் பலகை அடுக்கினீர்கள். அடுக்கியதில் குறை கிடையாது. தாங்கள் பால்கனிக்குப் புகைபிடிக்கப் போன நேரத்தில் நான் ரசமட்டத்தை எடுத்து முப்பத்தாறு இடத்தில் வைத்துப் பார்த்தேன், முப்பத்தாறு இடத்திலும் குமிழி நடுவில் நின்றது. அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருட உத்தியோகத்தில் சரியான தராசைப் பார்த்து நான் பாராட்டியதில்லை, முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கிறேன், அந்தப் பழக்கம்தான். இப்போது எழுத்தில் தருகிறேன்: மட்டம் சரி.

குறை வார்னிஷில். பதினாறாம் தேதி மத்தியானம் தாங்கள் இரண்டாவது கோட்டிங் அடித்துவிட்டு, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஜன்னலத் தொறக்காதீங்க, ஹீட்டரப் போடாதீங்க, உள்ள கால் வைக்காதீங்க" என்று மூன்று கட்டளை போட்டு, எங்கள் சமையலறைப் பெஞ்சில் படுத்துத் தூங்கிப்போனீர்கள். மறுநாள் மூன்று மணிக்கு வெயில் சாய்ந்து தரையோடு தரையாக உள்ளே வந்தபோது நான் வாசற்படியில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஓரிடம் மின்னுகிறது, பக்கத்து இடம் மங்குகிறது, ஜன்னலோரம் முழுக்கத் திட்டுத் திட்டாக நிற்கிறது. தங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் பாதகமில்லாமல் அப்படியே தருகிறேன்.

"வுகாஷின், கொஞ்சம் குனிஞ்சு பாரு. இது தரையா, மாவட்ட வரைபடமா?"

"காயட்டும் சகலை. ஒரு வாரம் விட்டுப் பாப்போம்."

"முப்பத்தெட்டு வருஷம் தராசு பாத்தவன்கிட்ட ஒரு வாரம் விட்டுப் பாப்போம்னு எவனும் சொன்னதில்ல."

"தராசு பாத்தவர் தராசப் பாருங்க. ஜன்னலத் தொறந்தீங்களா?"

"யாரும் தொறக்கல."

"தொறக்காம இப்படி ஆகாது."

"அப்ப நான் பொய் சொல்றேன்கிற?"

"நான் எதுவும் சொல்லல. தரைதான் சொல்லுது."

இந்த இடத்தில்தான் நான் சுண்ணக்கட்டியை எடுத்தேன். மங்கல் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு எண் எழுதினேன். மொத்தம் பதினேழு. தெசான்கா, "சுண்ணாம்பு ஒட்டிக்கும்யா, விடுங்க" என்றாள். நான் விடவில்லை. ஒன்பதாவது வட்டத்தில் தாங்கள் ரோலரைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தீர்கள், பதினேழாவதில் தங்கள் வண்டி கீழே கிளம்பிவிட்டது. வேலை முடிந்த கைக்குத் தெசான்கா ஊற்றிவைத்த பிளம் சாராயத்தைத் தொடவில்லை. இந்த வீட்டிலிருந்து ஒருவர் கோப்பையைத் தொடாமல் போனது அதுதான் முதல் தடவை. கோப்பை மேஜையிலேயே இருந்தது. தெசான்கா அதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றவும் இல்லை, கொட்டவும் இல்லை. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் குடித்துவிட்டேன். மரியாதையான முடிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆவியாகிக்கொண்டிருந்தது.

தங்கள் உதவி இல்லாமலே இதைச் சரிசெய்வது என்று தீர்மானித்தேன். டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்தேன்: குறை உள்ள இடத்தில் மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கவும். இதில் புரியாதது ஒன்றும் இல்லை. குறை உள்ள இடங்கள் பதினேழு, எண்ணும் போட்டிருக்கிறது, சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டதால் எண்ணும் அழியவில்லை. முட்டிக்குத் தலையணை வைத்துக்கொண்டு பதினேழையும் தேய்த்து, தாங்கள் மிச்சம் வைத்துப்போன வார்னிஷைப் பதினேழுக்கும் அடித்தேன். மறுநாள் மூன்று மணிக்குப் படுத்துப் பார்த்தால், மங்கலாக இருந்த பதினேழும் ஜோராக மின்னுகின்றன, அவற்றைச் சுற்றி இருந்த தரை மொத்தமும் மங்கிப்போயிருக்கிறது. அதாவது முன்பு பதினேழு குறை இருந்தது, இப்போது ஒரே ஒரு குறைதான், ஆனால் அது கூடம் முழுக்க இருந்தது. எண்ணிக்கையில் முன்னேற்றம் என்று தெசான்காவிடம் சொன்னேன். அவள் தங்கைக்குத் தொலைபேசி போடப் போய்விட்டாள்.

அப்போது முழுத் தரைக்கும் புதிதாக ஒரு கோட்டிங் அடிப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவில் ஒல்கா நடத்தும் பெயிண்ட் கடை தங்களுக்குத் தெரியும். பளபளப்பா, பாதிப் பளபளப்பா என்று கேட்டாள். நடுத்தரம் என்றேன். பாதிப் பளபளப்பு டின்னைக் கொடுத்து, "அடி வரைக்கும் நல்லா கலக்கணும் ஐயா, மேலாப்பல கலக்காதீங்க" என்றாள். இந்த இடத்தில் என் உத்தியோகம் என்னைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். பாலோ எண்ணெயோ சாராயமோ, அளக்கும் முன் அசையாமல் நிற்கவிட வேண்டும், நுரை அடங்க வேண்டும், மட்டம் நிலைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கண்ணை அருகில் கொண்டுபோக வேண்டும் என்று நானே இருநூறு பால்காரர்களுக்குப் பாடம் எடுத்தவன். ஒரு திரவத்தைக் கலக்கி உடனே பயன்படுத்துவதற்கு என் மனம் ஒப்பவில்லை. டின்னைச் சமையலறை அலமாரியின் மேல் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சீட்டு ஒட்டி, இரண்டு நாள் முழுசாக நிற்கவிட்டேன். பளபளப்பைக் குறைக்கும் மாவு ஒன்று அதில் இருப்பதும், அது அடியில் போய் உட்காரும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. டிசம்பர் மூன்றாம் தேதி ஜன்னலோரத்தில் ஆரம்பித்து வாசற்படிக்கு வந்து முடித்தேன். டின்னின் மேல்பாதி ஜன்னல் பக்கம் போனது, அது கண்ணாடி போல மின்னியது. கீழ்ப்பாதி வாசல் பக்கம் வந்தது, அது மோர் தெளித்த மாதிரி வெளுத்தது. நடுவில் எல்லைக்கோடு. அங்கே ஒரு சுங்கச்சாவடி வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்றாள் தெசான்கா.

ஆனால் அதைப் பார்த்து வருத்தப்பட நேரம் கிடைக்கவில்லை. நான் வாசற்படியில் கடைசிப் பட்டையை ஓட்டி நிமிர்ந்த அதே நிமிடம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பாதிரியார் கவ்ரிலோ. ஸ்லாவாவுக்கு முன் வீடு வீடாக வந்து நீரை மந்திரிக்கிறவர், இந்த நகரத்தில் பாதி வீட்டுக்கு நிக்கோலாதான் புனிதர் என்பதால் இந்த வருடம் சீக்கிரமே கிளம்பிவிட்டார். ஆள் புதிது, வயது இருபத்தாறு, இங்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. என் கையில் சொட்டுகிற ரோலர். என் புத்தி என்ன சொல்லியதோ தெரியாது, என் வாய் அது பாட்டுக்கு, பிறந்ததிலிருந்து சொல்லிவருவதைச் சொல்லிவிட்டது.

"வாங்க சாமி. பூட்ஸெல்லாம் கழட்ட வேணாம்."

நீ சொல்லு வுகாஷின், நம் ஊரில் இதைச் சொல்லாத வீடு உண்டா? இதைக் கேட்டுக் கழற்றாமல் உள்ளே வந்த மனிதன் உண்டா? நான் கழற்ற வேண்டாம் என்பேன், நீ அதெப்படி என்பாய், நான் வற்புறுத்துவேன், நீ அதற்குள் ஒரு பூட்ஸைக் கழற்றியிருப்பாய், தெசான்கா செருப்பு கொண்டுவந்து வைப்பாள். முப்பத்தொரு வருடமும் அப்படித்தான். பாதிரியார் கவ்ரிலோ, "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு, பனி ஒட்டிய பூட்ஸோடு நேராகக் கூடத்துக்குள் நடந்தார்.

(நீ என்று எழுதிவிட்டேன். தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன். முறையீடு முறையீடுதான்.)

தடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கிழக்குச் சுவரில் இருக்கும் நிக்கோலா படத்துக்கு முன்னால் போய் நின்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தின் நடுவில் வார்னிஷ் என்று எப்படிச் சொல்வது? நானும் தெசான்காவும் வாசற்படியிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டோம். அவர் எங்களை உள்ளே வரும்படி கையால் சைகை செய்தார், நாங்கள் பக்தியாகத் தலையை ஆட்டி அங்கேயே நின்றோம். பிறகு துளசிக் கொத்தை நீரில் நனைத்து நான்கு மூலைக்கும் தெளித்தார். தாராளமான கை. காயாத வார்னிஷில் நீர்த்துளி விழுந்தால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும் என்பதை நான் அன்றைக்குக் கற்றேன். ஜெபம் முடிந்து ஒரு காலை எடுக்கப் போனவர், பூட்ஸ் வராததால் கீழே பார்த்தார்.

"இது என்ன, ஒட்டுது?"

"வார்னிஷ், சாமி."

"எப்ப அடிச்சீங்க?"

"நீங்க மணி அடிச்சப்ப."

"கழட்ட வேணாம்னு சொன்னீங்களே."

"சொல்றதுதான் சாமி. எல்லாரும் சொல்றதுதான்."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "முன்ன இருந்த ஊர்ல வேணாம்னு சொன்ன பிறகும் கழட்டினேன், அந்த அம்மாவுக்கு மனசு கஷ்டமாயிடுச்சுன்னு சொன்னாங்க. அதுல இருந்து சொன்னதக் கேக்கறேன்" என்றார். போகும்போது பதினொரு காலடி, திரும்பும்போது ஒன்பது. திரும்பியது அவசரம்.

மறுநாள் காய்ந்ததும் உப்புத்தாளைக் கம்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். தெசான்கா வாசலை மறித்துக்கொண்டாள்.

"பாதிரியார் காலடியத் தேய்க்கப் போறீங்களா?"

"காலடி இல்ல, பூட்ஸ் அடி. நம்பர் நாப்பத்திநாலு."

"மந்திரிச்ச தண்ணி பட்ட தரை. அதுல உப்புத்தாளப் போட்டா வீடு உருப்படுமா?"

"அப்ப பத்தொன்பதாம் தேதி வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

"யாரு வர்றாங்கன்னு மொதல்ல பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தச் சிக்கல் தீர இரண்டு நாள் ஆனது. கடைசியில் பாதிரியாருக்கே தொலைபேசி போட்டுக் கேட்டேன். தாராளமாகத் தேயுங்கள், ஆசி மரத்துக்குள் இறங்கியிருக்கும், மேலே இருப்பது அழுக்குதான் என்றார். பிறகு, தன் பூட்ஸின் அடியில் இருப்பதை எப்படி எடுப்பது, கோயில் விரிப்பெல்லாம் கூடவே வருகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தரைக்காரச் சகலை ஒருவர் இருக்கிறாராமே, அவரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பாதிரியாரிடம் வேறென்ன சொல்ல முடியும்?

ஏழாம் தேதி காலை வழக்கமான நேரத்தில் தெசான்கா தங்கைக்குத் தொலைபேசி போட்டாள். நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"மிலெவா, எங்க கீழ்வீட்டுக்காரங்க தரை ஒண்ணு கெட்டுப்போச்சு. பாதி மின்னுது, பாதி வெளுத்துக் கெடக்கு. உன் வீட்டுக்காரரக் கேட்டுச் சொல்லேன். யாருன்னு மட்டும் சொல்லாத."

வுகாஷின், உன் தொண்டைக்குத் தொலைபேசி தேவையில்லை. நீ உங்கள் வீட்டு அடுத்த அறையிலிருந்து பேசியதெல்லாம் எங்கள் கூடம் வரை கேட்டது.

"யாரு கேக்கறா?"

"அக்கா வீட்டுக்குக் கீழ்வீடாம்."

"அந்தக் கீழ்வீட்டுக்காரர் தராசு ஆபீசரா?"

"எனக்கென்ன தெரியும்? பதிலச் சொல்லுங்க."

"ஜன்னல் எத்தன தொறந்து வச்சாராம்?"

தெசான்கா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இருபது நாளாக அவளும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நான் நாளிதழைத் தாழ்த்தி, ஒரு விரலைக் காட்டினேன்.

"ஒண்ணே ஒண்ணுதானாம். குறுக்குக் காத்தெல்லாம் இல்லையாம்."

ஆமாம், திறந்தேன். பதினாறாம் தேதி நீ பெஞ்சில் தூங்கியபோது, நெடி தாங்காமல் தெசான்காவுக்குத் தலைவலி வந்தது. ஒரு ஜன்னலைத் திறந்தேன். ஒன்றுதான். இரண்டு ஜன்னல் திறந்தால் குறுக்குக் காற்று வரும், குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடிக்கும், பல் வலிக்கும், வாய் கோணிக்கொள்ளும், என் அத்தை செத்ததே அதில்தான் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் மற்ற ஜன்னல்களையும் கதவையும் இறுகச் சாத்தி, கதவின் கீழே ஈரத் துண்டைச் சுருட்டி வைத்து, மூச்சுக்கூடக் குறுக்கே போகாதபடி அடைத்துவிட்டுத்தான் அந்த ஒரு ஜன்னலைத் திறந்தேன். ஒற்றை ஜன்னல் யாருக்கும் கெடுதல் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நீ கேட்டபோது யாரும் திறக்கவில்லை என்று சொன்னதற்குக் காரணம், குறுக்குக் காற்று வரும்படி யாரும் திறக்கவில்லை என்பதே. இதை நான் அப்போதே விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் சுண்ணக்கட்டியை எடுத்தது தப்பு. எழுதிவிட்டேன், எழுதியதைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மிலெவா அதை உன்னிடம் எடுத்துச் சொன்னாள். உடனே நீ சொன்னாய்: "ஒண்ணு போதும். ஜன்னலோரம் சட்டுனு காஞ்சிருக்கும், மத்தது காயாம நின்னிருக்கும், அதான் திட்டு. அந்த ஆள் கிட்ட சொல்லு. அங்கங்க தேய்க்கறத விட்டுட்டு மொத்தத் தரையையும் ஒரே சீரா லேசா தேய்க்கணும். ஈரத்துணியில தூசி எடுக்கணும். டின்ன அடியோட கலக்கணும், நிக்க விடக் கூடாது. மரக்கோடு போற பக்கமாத்தான் ரோலர் போகணும். ஒரு பட்டை ஓரம் காயறதுக்குள்ள அடுத்தத அதுல ஏத்தி ஓட்டணும். நடுவுல காபிக்கு எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருப்பாரு, எனக்குத் தெரியும். தலைவலின்னா அக்காவ ரெண்டு நாள் இங்க அனுப்பச் சொல்லு." இதை நீ மூன்று தடவை சொன்னாய். மூன்றாவது தடவை மெதுவாகச் சொன்னாய், நான் நாளிதழின் ஓரத்தில் எழுதிக்கொள்ள வசதியாக இருந்தது. கீழ்வீட்டுக்காரருக்கு அக்கா எப்படி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. இருபது நாள் கழித்து உன் குரலைக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெசான்கா சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள், அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

எட்டாம் தேதி முழுவதும் தேய்த்தேன். ஒன்பதாம் தேதி நீ சொன்னபடி வரிக்கு வரி செய்தேன், காபிக்கு எழுந்திருக்கவில்லை, தெசான்கா வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் கூடத்தில் யாரும் கால் வைக்கவில்லை, தபால்காரரைப் படிக்கட்டிலேயே பார்த்து அனுப்பினேன், அவரிடம் பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்போது முறையீட்டுக்கு வருகிறேன். இத்தனைக்குப் பிறகும் தரையில் குறை இருக்கிறது. மேஜைக்கு மேற்கே, சுவரிலிருந்து ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். சாய்ந்த வெயிலில் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது, நேராகப் பார்த்தாலும் தெரிகிறது. இது என் போன்றவன் கை வைக்கும் காரியம் இல்லை, வல்லுநர் வந்து கண்ணால் பார்க்க வேண்டும். தான் போட்ட தரைக்கு ஒரு வருடம் தானே பொறுப்பு என்று நீ வாயால் சொல்லியிருக்கிறாய், சாட்சி தெசான்கா. ஆகவே தரை பார்க்க வரும்படி இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். நாள் பத்தொன்பது, காலை பதினொரு மணி. வேறு நாள் ஒத்துவராது. பதினான்கில் எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், பதினாறில் சந்தை, பதினெட்டில் தெசான்கா கெண்டை மீன் பொரிக்கிறாள், யாரும் குறுக்கே வரக் கூடாது. அன்றைக்கு வீட்டில் வேறு ஆட்கள் இருந்தால் அது தற்செயல். மேஜையில் மெழுகுவர்த்தி எரிந்தால் அதுவும் தற்செயல். வேலைக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்பதால், மீனும் பீன்ஸும், சர்க்கரையும் வால்நட்டும் போட்ட கோதுமையும் உனக்கும் எடுத்துவைக்கப்படும். மிலெவாவையும் கூட்டி வா, கருவிகளைத் தூக்க ஆள் வேண்டும். மறுபடி சொல்கிறேன், ஸ்லாவாவுக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. தரைக்காரரைத் தரைக்குக் கூப்பிடுவதற்கு எந்த வழக்கமும் தடை இல்லை, பாதிரியாரையும் கேட்டுவிட்டேன்.

புனித நிக்கோலா உன்னையும் மிலெவாவையும் காக்கட்டும். உன் முட்டிக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். தெசான்கா தன் தங்கைக்கு அன்பு சொல்லச் சொன்னாள், இன்று காலை நாற்பது நிமிடம் பேசியதில் அதை மட்டும் சொல்ல விட்டுப்போனதாம்.

இப்படிக்கு,
குறையுள்ள தரைக்குச் சொந்தக்காரன்,
போரிவோயே மாந்திச்

பின்குறிப்பு: தபால்தலை தெசான்காவிடம் இருக்கிறது. கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "பொய்க்கெல்லாம் நான் ஸ்டாம்ப் ஒட்ட மாட்டேன்" என்று கையை மூடிக்கொண்டாள். அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நேற்று மூன்று மணிக்கு வாசற்படியில் படுத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து சுவர் வரை ஒரே சீர். ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை, பதினேழு எண்களில் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு தரையை நான் பார்த்ததில்லை. மூன்றே கால் மணிக்கு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அந்த மங்கலை நானே தேய்த்து உண்டாக்கினேன். எங்கே தேய்ப்பது என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில் நீ வழக்கமாக உட்காரும் நாற்காலியின் நான்கு கால்களுக்கு நடுவில் தேய்த்தேன். நீ வராவிட்டால் அந்த இடத்தில் நாற்காலி போடப் போவதில்லை, வருகிற எல்லோர் கண்ணிலும் படும். நீ வந்து உட்கார்ந்தால் தெரியாது.